விக்கிறவன் வாயும் வாங்குறவன் பையும்

பேராண்டி, ராத்திரி பூரா கண்ணு முழிச்சு போன்ல வரிச்சண்டை போட்டியாமே, உங்கம்மா சொன்னா. "பக்கத்து நாட்டுக்காரன் சரக்குக்கு 200 சதவீதம் பத்தாது, 500 போடணும்"னு நீ எழுதப் போயி, முன்னப்பின்ன தெரியாத ஆளுங்கல்லாம் உனக்குக் கைதட்டுனாங்களாம். சந்தோசம். எங்க காலத்துல கைதட்டு வாங்கணும்னா வள்ளி திருமணம் நாடகத்துல வேஷம் கட்டணும்.

ஆனா கருத்துச் சொல்றதுக்கும் ஒரு வகைதொகை இருக்குடா. திண்டுக்கல் வெங்காய மண்டியில கணக்கு எழுதிக் காலத்தை ஓட்டுனவன் நான். காலையில சரக்கு கொண்டாந்த சம்சாரி பேசுனதையும், அதே சரக்கை எடுக்க வந்த கடைக்காரன் பேசுனதையும் இந்த ரெண்டு காதும் ஒண்ணாக் கேட்டிருக்கு. நாட்டுக்கு நாடு வரிச்சண்டை வந்தா ஜனங்க எப்படிக் கருத்துச் சொல்லணும்னு நாலஞ்சு விதி சேத்து வச்சிருக்கேன். உனக்கு மட்டும் சொல்றேன். வெளிய விட்டுராத, டிவியில விவாதம் நடத்துறவன் பொழப்பு கெட்டுப்போகும்.

மொத விதி: வரியை யாரு கட்டுறான்னு கேக்கவே கூடாது. கேட்டா வீரம் வடிஞ்சுரும். 200 சதவீதம்னு சொன்னதும் அந்த நாட்டுக்காரன் வேட்டி முந்தியில இருந்து காசை அவுத்து நம்ம சர்க்காருக்குக் கட்டுற மாதிரி மனசுக்குள்ள ஒரு படம் ஓட்டிக்கணும். நெசத்துல நடக்குறது வேற. சரக்கு வந்து எறங்குனதும் சுங்கத்துல சலான் கட்டுறவன் நம்ம ஊரு இறக்குமதிக்காரன். அவன் அதை விலையில ஏத்தி மொத்த வியாபாரிகிட்ட தள்ளுவான். மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்காரன்கிட்ட தள்ளுவான். கடைக்காரன் உங்கம்மா பையில தள்ளுவான். உங்கம்மா யாருகிட்ட தள்ளுவா? உன் தட்டுல கொறச்சு வைப்பா, அவ்வளவுதான். சில நேரம் அந்தூர்க்காரன் வாடிக்கை போயிரக் கூடாதுன்னு விலையைக் கொஞ்சம் எறக்கிக் கொடுப்பான், இல்லைங்கல. மிச்சமெல்லாம் நம்ம தலையிலதான் விடியும்.

2019 பிப்ரவரி 14ந்தேதி புல்வாமாவுல நம்ம ரிசர்வ் போலீஸ்காரங்க 40 பேரு செத்தாங்க. நம்ம அரியலூர்ச் சீமையில ஒரு வீடு, தூத்துக்குடிச் சீமையில ஒரு வீடு, இழவு விழுந்துச்சு. அதுல நையாண்டி கெடையாது. கோவம் வராதவன் மனுசனே இல்ல. மறுநாளே பாகிஸ்தானுக்குக் கொடுத்திருந்த வணிகச் சலுகையை எடுத்தாங்க, அதுக்கு மறுநாள் அங்கிருந்து வர்ற எல்லாச் சரக்குக்கும் 200 சதவீத வரி. ஊரே கைதட்டுச்சு, நானும் தட்டுனேன். தட்டி முடிச்சுட்டு, அங்கிருந்து என்னதான் வந்துக்கிட்டு இருந்துச்சுன்னு விசாரிச்சேன். பேரீச்சை, சிமெண்ட், ஜிப்சம், கொஞ்சம் பழம். அப்புறம், உங்க அப்பத்தா நாட்டு மருந்துக் கடையில போயி "எனக்கு ரத்தக்கொதிப்பு, இந்துப்பு குடு"ன்னு கேட்டு வாங்குறாளே, அது. அந்த இளஞ்செவப்புக் கல்லு பாகிஸ்தான்ல கேவ்ரா சுரங்கத்துல வெட்டி எடுக்குறது. 2025ல பகல்காம் தாக்குதலுக்கு அப்புறம், மே 2ந்தேதி, எந்த நாடு சுத்தி வந்தாலும் பாகிஸ்தான் சரக்கு ஒரு துரும்பு உள்ள வரக்கூடாதுன்னு மொத்தமா அடைச்சாச்சு. அப்பத்தாகிட்ட "தேசத்துக்காக சாதா உப்பு போட்டுக்க"ன்னேன். "தேசம் வந்து எனக்கு மாத்திரை வாங்கித் தருமா"ன்னு கேக்குறா. ரெண்டும் சோடியம்தான் கெழவின்னு டாக்டரு சொன்னதைச் சொன்னா, டாக்டரையும் சேத்துத் திட்டுறா.

அதோட, அந்தப் பக்கம் இருந்து நாம வாங்குனதைவிட நாம வித்ததுதான் பல மடங்கு. 2018 வாக்குல வருசத்துக்கு ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு நாம வித்தோம், 50 கோடி டாலருக்கு வாங்குனோம். 2019 ஆகஸ்டுல காஷ்மீர் விவகாரத்துக்காக அவங்க நம்மளோட யாவாரத்தையே நிறுத்துனாங்க. அட்டாரி எல்லையில மூட்டை தூக்கிக்கிட்டு இருந்த ஆயிரத்துக்கும் மேல கூலிக்காரங்களுக்கு வேலை நின்னுபோச்சு. அவன் எந்தக் கருத்தும் சொல்லல. முதுகுலதான் சொன்னான், அதை எவன் படிக்கிறான்?

ரெண்டாவது விதி: விரோதத்தை விடாப்பிடியா கடைப்பிடிக்கணும். காய்ச்சல் வந்தா மட்டும் விட்டுக்கலாம். ஆகஸ்டுல கதவைச் சாத்துன பாகிஸ்தான், செப்டம்பர்ல மருந்துக்கு மட்டும் ஒரு சந்து திறந்துச்சு. நம்ம நாட்டு மாத்திரை இல்லாம அங்க ஆஸ்பத்திரி ஓடல. மாத்திரையில மூவர்ணம் இருந்தாலும் நோயாளி முழுங்கிட்டான். தக்காளிக்கு அந்தச் சந்தும் கெடையாது. அதே வருசம் நவம்பர்ல கராச்சியில தக்காளி கிலோ 300 ரூவாயைத் தொட்டுச்சு. நிதி ஆலோசகரா இருந்த அப்துல் ஹபீஸ் ஷேக்கைப் பாத்து டிவிக்காரங்க விலை கேட்டாங்க. "காய்கறிச் சந்தையில கிலோ 17 ரூவா"ன்னாரு மனுசன். எந்தச் சந்தைன்னு சொல்லியிருந்தா கராச்சி ஜனம் பூரா பையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பியிருக்கும். லாகூர்ல ஒரு பொண்ணு கல்யாணக் கோலத்துல, நகைக்குப் பதிலா கழுத்துலயும் கையிலயும் தக்காளியைக் கோத்துக்கிட்டு பேட்டி கொடுத்தா. நாடகமோ நெசமோ, பாத்தவன் எல்லாம் சிரிச்சுக்கிட்டே பர்ஸைத் தடவுனான்.

இந்தப் பக்கம் மட்டும் என்ன? மத்தியப் பிரதேசத்துல ஜாபுவா பக்கத்துத் தக்காளி விவசாயிங்க, "அழுகிப் போனாலும் போகட்டும், பாகிஸ்தானுக்கு அனுப்ப மாட்டோம்"னு சொன்னாங்க. அவங்களை நான் கும்புடுறேன். சொந்த வெள்ளாமையை வச்சுக் கருத்துச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான். நீ என்னத்தை வச்சுச் சொன்ன? நெட்டுப் பேக்கை வச்சு.

2021 மார்ச் 31ந்தேதி பாகிஸ்தான்ல பொருளாதாரக் குழு கூடி, இந்தியாவுல இருந்து சர்க்கரையும் பஞ்சும் வாங்கலாம்னு முடிவு பண்ணுச்சு. அப்ப அங்க சர்க்கரை விலை ஏறிக் கெடந்துச்சு, மில்லுக்காரன் பஞ்சுக்குப் பறந்தான். மறுநாள் மந்திரிசபை கூடி, வேண்டாம்னுருச்சு. ஏப்ரல் 1ந்தேதி! குழுவுல இருந்தவனுக்குக் கணக்குத் தெரிஞ்சிருந்துச்சு, சபையில இருந்தவனுக்கு ஜனங்க வாயி தெரிஞ்சிருந்துச்சு. கணக்குக்கும் வாய்க்கும் பந்தயம் வச்சா வாயிதான் ஜெயிக்கும்டா.

மூணாவது விதி: கருத்தை அறுப்புக்கு ஏத்தபடி மாத்திக்கணும். இதை வெங்காயத்துகிட்டதான் படிக்கணும். பல்லாரி வெங்காயம் விலை ஏறுனா டெல்லியில நாற்காலி ஆடும். 1998ல டெல்லி மாநில ஆட்சியே அதுல போச்சுன்னு இன்னமும் சொல்லுவாங்க. அதனால விலை ஏறுற வாசனை அடிச்சதும் மொத வேலையா ஏற்றுமதிக் கதவைச் சாத்துவாங்க. 2019 செப்டம்பர் 29ந்தேதி சாத்துனாங்க. அந்தச் சமயம் வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா டெல்லிக்கு வந்திருந்தாங்க. "எதுக்கு நிறுத்துனீங்கன்னு தெரியல, நான் சமையல்காரன்கிட்ட வெங்காயம் போடாமச் சமைன்னுட்டேன், அடுத்த தடவை முன்கூட்டியே சொன்னா நல்லாருக்கும்"ங்கிற தோரணையில சபையிலேயே போட்டாங்க ஒரு போடு. எல்லாரும் சிரிச்சாங்க. டாக்காவுல நவம்பர் மாசம் கிலோ 250 டாக்கா வரைக்கும் போச்சு, அங்க யாரும் சிரிக்கல. அவங்க எகிப்து, துருக்கி, பாகிஸ்தான்னு எங்கெங்கயோ இருந்து ஆகாய வழியா வெங்காயம் கொண்டாந்தாங்க.

கதை அதோட முடியல. கதவைச் சாத்தியும் நம்ம ஊர்ல விலை எறங்கல. மத்திய சர்க்காரே துருக்கியில இருந்தும் எகிப்துல இருந்தும் வெங்காயத்தை எறக்குச்சு. அது ருசியில நம்ம நாக்குக்கு ஒட்டல. கேட்ட மாநிலங்களே "வேண்டாஞ்சாமி"ன்னு பின்வாங்கிருச்சு. கெட்டுப்போறதுக்குள்ள எங்கயாவது தள்ளணுமே? 2020 ஜனவரியில யாருகிட்ட போயி "வாங்கிக்கிறீங்களா"ன்னு கேட்டாங்க தெரியுமா? வங்கதேசத்துக்கிட்ட! மூணு மாசம் முன்ன அவங்களுக்கு இல்லைன்னு சொன்ன அதே வாயி. சம்சாரி குடும்பத்துல எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா ஊரு பஞ்சாயத்துல வச்சுச் சிரிச்சிருக்கும்.

2020 செப்டம்பர்ல திரும்பச் சாத்துனாங்க. 2023 ஆகஸ்டுல ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டாங்க. நாசிக் பக்கம் லாசல்கான் மண்டியில விவசாயிங்க ஏலத்தையே நிறுத்திப் போராடுனாங்க. அது பத்தாதுன்னு டிசம்பர்ல முழுத் தடை. தடையை எப்ப எடுத்தாங்க? 2024 மே 4ந்தேதி. நாசிக் பக்கம் ஓட்டுப்பதிவு எப்ப? மே 20. நான் ஒண்ணும் சொல்லல, தேதியை மட்டும் சொன்னேன். மிச்சமிருந்த வரியை எறக்கி எறக்கி 2025 ஏப்ரல் 1ல தான் சுத்தமா எடுத்தாங்க.

இதுல நம்ம சின்ன வெங்காயம் என்ன பாவம் பண்ணுச்சு? டெல்லிக்காரனுக்கு வெங்காயம்னா பல்லாரிதான். சின்ன வெங்காயத்தை வச்சுச் சாம்பார் வைக்கிறவன் ஒருத்தன் இருக்கான்னு அவனுக்கு ஞாபகமே வராது. தடைன்னா எல்லா ரகத்துக்கும் தடை. பெரம்பலூர்லயும் திண்டுக்கல்லுலயும் வெளையிறது கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போற சரக்கு. வடக்க பல்லாரி விலை ஏறுனதுக்கு, தெக்க பட்டறையில சேத்து வச்ச சின்ன வெங்காயம் மொளை விட்டுச்சு. ஏற்றுமதியில எங்களுக்குன்னு தனிக் குறியீட்டு எண் கொடுங்க, பல்லாரியோட சேத்துக் கட்டாதீங்கன்னு நம்ம விவசாயிங்க கேட்டுப் பாத்தாங்க.

நாலாவது விதி: கருத்தைக் குடும்பத்துக்குள்ள கொண்டு வரக்கூடாது. போன தைமாசம் உன் அக்கா புள்ளைக்குக் காது குத்துனோமே, அன்னைக்குப் பந்தியில என்ன நடந்துச்சு? நீ திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிறவன். 2025 மே மாசம், வங்கதேசத்து ஆயத்த ஆடை தரைவழியா வரக்கூடாது, கொல்கத்தா துறைமுகமும் மும்பைப் பக்கத்து நவசேவா துறைமுகமும்தான் வழின்னு நம்ம சர்க்காரு உத்தரவு போட்டதைச் சொல்லி, "இப்பத்தான் எங்களுக்கு மூச்சு வந்துச்சு"ன்னு எலையைத் தட்டுன. உனக்குப் பக்கத்து எலையில உன் தாய்மாமன். வேடசந்தூர் நூல் மில்லுல மேஸ்திரி. அவன் சோத்துல கை வச்சபடியே சொன்னான்: "மாப்ள, அந்த வங்கதேசக்காரன் தைக்கிற சட்டைக்கு நூலு நம்ம நாட்டு மில்லு கொடுக்குறது. அவனுக்குச் சட்டை விக்கலைன்னா எனக்கு நூலு விக்காது. ஏப்ரல்லயே தரைவழியா வர்ற நூலை அவன் நிறுத்திட்டான். நாளைக்குக் கப்பல்வழியையும் அடைச்சா நீ வந்து எங்க ஸ்பின்டிலை ஓட்டுவியா?"

நீ வாயை மூடிக்கிட்ட. அதுக்குள்ள எதுத்த எலையில சிறுமலைச் சம்பந்தி. மலை மேல மிளகுக் கொடி போட்டிருக்காரு. "நூலு கெடக்கட்டும், இலங்கை மிளகை நிறுத்துனாப் போதும்"னாரு. அவருக்குப் பக்கத்துல உங்கப்பன், சின்ன வெங்காய விவசாயி. "இலங்கைக்காரன் கோவிச்சுக்கிட்டு திருப்பி வெங்காயத்துக்கு வரி போட்டா என் கதி?"ன்னு அலறுனான். பரிமாறிக்கிட்டு இருந்த உன் அத்தை கரண்டியோட நின்னு, "எவனாவது எதையாவது வரவிடுங்கடா, ரசத்துக்கு மிளகு வாங்குற விலையா விக்கிது"ன்னா. ஒரே பந்தி, ஒரே சொந்தம், அஞ்சு பேருக்கு அஞ்சு வரிக்கொள்கை. இந்த வீட்டுக்குள்ளேயே ஒரு ஒப்பந்தம் போட முடியல. டெல்லியும் டாக்காவும் கொழும்பும் போட முடியலைன்னா அதிசயமா? தனக்குத் தனக்குன்னா தாச்சீலையும் பதக்குப் பிடிக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

சம்பந்தி மிளகுக் கதையையும் சொல்லிர்றேன். 1998 டிசம்பர்ல நம்ம பிரதமர் வாஜ்பாயும் இலங்கை அதிபர் சந்திரிகா அம்மாவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒண்ணு, 2000 மார்ச்சுல அமலுக்கு வந்துச்சு. அதுல இலங்கை மிளகு வருசத்துக்கு 2,500 டன் வரைக்கும் வரியில்லாம உள்ள வரலாம். நம்ம தோட்டக்காரங்க, "இது இலங்கை மிளகே இல்ல, வியட்நாம் மிளகு இலங்கைச் சீட்டைக் கட்டிக்கிட்டு வருது"ன்னு கொதிச்சாங்க. 2017 டிசம்பர்ல, கிலோ 500 ரூவாய்க்குக் கீழ வெலையுள்ள மிளகு உள்ள வரக்கூடாதுன்னு சர்க்காரு கோடு கிழிச்சுச்சு. அப்ப நம்ம சந்தையிலேயே மிளகு 500க்குக் கீழதான் கெடந்துச்சு. வேலை முடிஞ்சதுன்னு சம்பந்தி மீசையை முறுக்குனாரு. கொஞ்ச நாள்ல என்ன புகாரு? பில்லுல மட்டும் வெலையை 500க்கு மேல எழுதிக் கொண்டாறாங்களாம். கோடு கிழிக்கிறவனுக்குப் பேனா ஒண்ணு, தாண்டுறவனுக்குப் பேனா பத்து.

அதனாலதான் அஞ்சாவது விதி: சரக்கு எந்த மண்ணுல வெளைஞ்சுதுன்னு தோண்டக் கூடாது. தோண்டுனா தலை சுத்தும். பாமாயில் மரமே வளக்காத நேபாளம் ஒரு காலத்துல நமக்கு வித்ததுல பாமாயில்தான் மொத எடத்துக்கு வந்துச்சு. இமயமலையில எங்கடா பாமாயில்னு கேக்குறியா? வெளிநாட்டுல இருந்து கச்சா எண்ணெயைக் கொண்டாந்து, சுத்தம் பண்ணி, நம்ம ஊருக்குள்ள வரிச்சலுகையில அனுப்புனான். நாம மத்த நாட்டு எண்ணெய்க்கு வரியை எவ்வளவு ஏத்துனோமோ அவனுக்கு அவ்வளவு லாபம். 2020 ஜனவரியில சுத்திகரிச்ச பாமாயில் வர்றதுக்கு நம்ம சர்க்காரு கட்டுப்பாடு போட்டுச்சு. அவன் அசரல, சோயா எண்ணெய்க்கு மாறிட்டான். இதுக்கு முன்னாடியே இலங்கையில வனஸ்பதித் தொழிற்சாலைங்க முளைச்சுச்சு. மொதலு போட்டதுல நம்மாளுங்களும் உண்டு, வித்தது நம்மகிட்டயேதான். பாகிஸ்தானுக்கும் நமக்கும் நேர்வழி அடைபட்டப்ப துபாய்க்காரன் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் கைகுலுக்குனான். ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குத்தானடா கொண்டாட்டம்.

"வரியே கூடாதுங்கிறியா தாத்தா"ன்னு மடக்குவ. நான் அப்படிச் சொல்ற அளவுக்குப் படிக்கல. கடலுக்கு அந்தாண்ட யாழ்ப்பாணத்தைப் பாரு. 1970ல இலங்கையில வந்த சிறிமாவோ அம்மா சர்க்காரு, கையில அந்நியச் செலாவணி இல்லாம மிளகாய், வெங்காயம், உருளைக்கெழங்குன்னு இறக்குமதிக்குக் கதவைச் சாத்துச்சு. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுல கெணத்துத் தண்ணி எறச்சு மிளகாயும் வெங்காயமும் போட்ட நம்ம தமிழ்ச் சனம் நிமிந்துச்சு. கல்வீடு கட்டுனான், புள்ளைக்குக் கல்யாணம் பண்ணுனான். அதே சர்க்காரு, அதே தடை, தெக்க கொழும்புல ஜனம் ரொட்டிக்கு விடியக்காலையில வரிசையில நின்னுச்சு. 1977 தேர்தல்ல அந்த வரிசை நேரா ஓட்டுச்சாவடிக்குப் போச்சு. சிறிமாவோ கட்சிக்கு மிஞ்சுனது 8 எடம். ஜெயவர்தனா வந்து கதவை மொத்தமாத் திறந்துவிட்டாரு. கொழும்புல கடை நெறைய சரக்கு, யாழ்ப்பாணத்துல மிளகாய்த் தோட்டக்காரன் தலையில துண்டு. வரி நல்லதா கெட்டதான்னு அன்னைக்கு அந்தத் தீவுல கருத்துக் கேட்டிருந்தா, பதில் சொல்றவன் எந்த ஸ்டேஷன்ல ரயில் ஏறுனான்னு பாத்தாலே போதும்.

இப்பவும் அங்க தம்புள்ளை, மாத்தளைப் பக்கம் பெரிய வெங்காயம் அறுப்புக்கு வர்றப்ப இறக்குமதி வரியை ஏத்துவாங்க, சரக்கு தீந்ததும் எறக்குவாங்க. அவன் ஊரு விவசாயி அறுக்கிற நேரத்துல நம்ம மூட்டை போயி எறங்குனா அவன் வயித்துல அடிச்ச மாதிரிதான். அதுல ஒரு ஞாயம் இருக்கு. எந்த மாசம் போடுறாங்க, எந்த மாசம் எடுப்பாங்கன்னு வியாபாரிக்கும் விவசாயிக்கும் முன்னாடியே தெரிஞ்சா, வரியோடயும் பொழச்சுக்கலாம். ராத்திரி போட்டு விடியல்ல எடுக்குறதுதான் ஆளைக் கொல்றது. நாம 2019, 2020, 2023னு மாத்தி மாத்திச் சாத்துனதுல, எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லுங்கன்னு கேட்டவன் வேற கடையைத் தேட ஆரம்பிச்சான். போன வாடிக்கை திரும்ப வரும்னு எந்த மண்டிக்காரனும் நம்ப மாட்டான்.

இன்னொரு சூட்சுமம் சொல்றேன். கதவைச் சாத்தச் சொல்றவன் எப்பவும் கொஞ்சப் பேரு. அவனுக்குச் சங்கம் இருக்கும், லெட்டர் பேடு இருக்கும், டெல்லிக்குப் போக டிக்கெட்டு இருக்கும். விலை ஏறி நோகிறவன் கோடிப் பேரு. அவனுக்குச் சங்கம் கெடையாது. கிலோவுக்கு அஞ்சு ரூவா ஏறுனா முனகிக்கிட்டு வாங்கிருவான், அம்பது ஏறுனாத்தான் ஓட்டுல காட்டுவான். சர்க்காரு ரெண்டையும் எடை போட்டுக்கிட்டே இருக்கும். முனகல் கேக்குற வரைக்கும் சங்கத்துக்காரன் சொல்றது நடக்கும், கூச்சல் கேட்டதும் உத்தரவு தலைகீழாப் போகும். 2023 ஆகஸ்டுல நம்ம ஊருலயே தக்காளி 200ஐத் தொட்டப்ப நேபாளத்துல இருந்து தக்காளி கொண்டாறோம்னு நிதி அமைச்சரே பார்லிமெண்டுல சொன்னாங்க. அன்னைக்கு அயல்நாட்டுத் தக்காளின்னு ஒருத்தனும் மொகம் சுளிக்கல. "எத்தனை லோடு? எப்ப வரும்?"னுதான் கேட்டான். நீயும் கேட்ட.

மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு உன்னை ஒருதடவை கூட்டிப் போனேனே, ஞாபகம் இருக்கா? தரகனும் வியாபாரியும் துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சு வெலை பேசுவாங்க. மேல பாத்தா, "உன் மாடு சவலை, போய்யா", "உன் மூஞ்சிக்கு இதுவே ஜாஸ்தி"ன்னு ஏக வசவு. சுத்தி நிக்கிறவன் சண்டை வந்துருச்சுன்னு நெனச்சு ஒரு பக்கம் சேந்துக்கிட்டுக் கத்துவான். துண்டுக்குள்ள விரலு அமைதியா ஆயிரம் ஆயிரமா எறங்கிக்கிட்டு இருக்கும். நாட்டுக்கு நாடு வரிச்சண்டையும் அதே சந்தைதான். மேல கேக்குற வசவு நமக்கு, விரல் கணக்கு அவங்களுக்கு. 2024ல முழுத் தடை அமல்ல இருக்கிறப்பவே வங்கதேசத்துக்கு இத்தனை ஆயிரம் டன், இலங்கைக்கு இத்தனை டன்னு தனியா அனுமதி போச்சு. அது எந்தத் துண்டுக்கு அடியில பேசுனதோ! கத்துன நீ மட்டும் தொண்டை கட்டிக் கஷாயம் குடிச்ச.

அதனால இனிமே எவனாவது "வரி போடலாமா, போடக் கூடாதா, உங்க கருத்து என்ன"ன்னு கேட்டு வந்தா சட்டுனு வாயைத் திறந்துராத. மூணு கேள்வி திருப்பிக் கேளு. இந்தச் சரக்கை நம்ம ஊர்ல விக்கிறவன் யாரு, வாங்குறவன் யாரு? இப்ப அறுப்புக் காலமா, பஞ்சக் காலமா? நாம போட்டா அவன் பதிலுக்கு நம்ம எந்தச் சரக்குல கை வைப்பான்? இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சப்புறமும் உனக்குக் கோவம் மிச்சமிருந்தா, அது நல்ல கோவம், தாராளமா எழுது. பதில் தெரியாமலே வந்த கோவம்னா அதை இன்னொருத்தன் உன் கையில கொடுத்துட்டுப் போயிருக்கான்னு அர்த்தம். அவன் என்ன விக்கிறான்னு மட்டும் பாத்துக்க.

அப்ப தாத்தா, உன் கருத்துதான் என்னன்னு கேப்ப. என்னது ரொம்ப நேர்மையான கருத்துடா. நான் விக்கிறப்ப எல்லா நாடும் கதவைத் திறந்து வைக்கணும். நான் வாங்குறப்பவும் திறந்து வைக்கணும். என் பக்கத்துத் தோட்டத்துக்காரன் விக்கிற அன்னைக்கு மட்டும் கொஞ்சம் சாத்திக்கிட்டா தேவலை. உலகம் பூரா இதே கருத்துதான், நான் ஒருத்தன்தான் வாய்விட்டுச் சொல்றேன்.

கடைசியா ஒண்ணு. ஏற்றுமதிக் கதவைச் சாத்துறதைப் பத்தி இவ்வளவு நேரம் நான் காட்டமாப் பேசுனேன்ல? நம்ம பட்டறையில சின்ன வெங்காயம் இன்னும் விக்காமக் கெடக்கு, கொழும்பு ஆர்டரை எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன். அதனால நான் சொன்னதுலயும் மண்ணு, தோலு, கழிவுன்னு ஒரு பங்கைத் தள்ளிட்டு மிச்சத்தை எடுத்துக்க. மண்டி வழக்கம் அதுதான்.